தன்பாட்டுக்கு ஒரு பெயர்

வேலூர்ப் பேருந்து நிலையத்தில் பிள்ளையோடு இறங்கி, ‘பாகாயம் போவணும், எவ்ளோ கேக்குற?’ என்று ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் ஒரு தாய், தான் ஏறப்போகும் ஆட்டோவும் தன் பையிலிருக்கும் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதியிருக்கும் ஆட்டிசமும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள் என்பதை அறிந்திருக்க மாட்டார். அந்த நேரத்தில் அறியவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. சொற்களின் பின்னாலேயே நடந்து பழகிய நமக்கு மட்டும் கால் அங்கே நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் வேர் ‘ஆட்டோஸ்’ என்னும் கிரேக்கச் சொல். அதன் பொருள் ‘தான்’. குதிரையும் மாடும் இழுக்காமல் தானே ஓடுவதால் அந்த வண்டிக்கு ஆட்டோமொபைல் என்று பெயராயிற்று. அதன் தலையை மட்டும் வெட்டியெடுத்து சப்பானிய ரிக்‌ஷாவின் முன்னால் ஒட்டிய நம்மவர்கள், பிறகு ரிக்‌ஷாவையும் உதறிவிட்டு ‘தான்’ என்பதை மட்டும் மூன்று சக்கரத்தில் ஓடவிட்டார்கள்.

இந்த ‘ஆட்டோ’வைத் தமிழாக்க வேண்டி வந்தபோதெல்லாம் நம் சொல்லாக்கக்காரர்கள் தடுமாறியதே இல்லை. தானியங்கி, தன்வரலாறு, தன்னாட்சி என்று ‘தான்’ என்னும் பெயரும் அதன் வேற்றுமையடியான ‘தன்’னும் மாறிமாறி வந்து கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன. கிரேக்கத்துக்கும் தமிழுக்கும் இங்கே உறவு ஏதும் இல்லை. ஒலியொப்புமையைக் கண்டவுடன் குடும்பம் சேர்த்துவைக்கும் பழக்கம் நமக்கு வேண்டாம். தெலுங்கு கன்னடங்களின் ‘தானு’, மலையாளத்தின் ‘தான்’ ஆகியவையே நம் ‘தான்’னின் உடன்பிறப்புகள், குடியாத்தத்துக் கடைத்தெருவில் நின்றால் அண்ணன் தம்பி இரண்டையும் ஒருசேரக் கேட்கலாம். ஆட்டிசத்தின் ‘ஆட்டு’ என்னும் ஒலியைக் கேட்டு, கையை உதறிக்கொண்டும் உடலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டும் இருக்கும் பிள்ளைக்குப் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுவோரும் உண்டு. அது தற்செயல். இலங்கைக்குப் போனால் அந்தத் தற்செயலும் கலைந்துவிடும்: அங்கே பிரித்தானிய ஒலிப்பைக் காது பற்றிக்கொண்டதால் நோய்ப்பெயர் ஓட்டிசம் ஆயிற்று, வண்டியையும் ஓட்டோ என்று எழுதுவார்கள். ஒரே உயிரெழுத்து மாற்றம் இரண்டு சொற்களிலும் ஒருபடியாக நடந்திருப்பதைப் பார்த்தால், வேர் ஒன்றுதான் என்பதற்கு வேறு சான்றே வேண்டாம்.

இச்சொல்லை ஆக்கியவர் ஒய்கன் பிளாய்லர். சூரிச் நகரத்து மனநல மருத்துவமனையின் தலைவர். மனச்சிதைவுக்கு இன்றும் வழங்கும் ஷிசோஃபிரினியா என்ற பெயரும் அவர் கொடுத்ததே. 1910, 1911 ஆம் ஆண்டுகளில் அவர் எழுதியவற்றில் ‘ஆட்டிஸ்முஸ்’ தலைகாட்டுகிறது. ஃபிராய்டு வழங்கிவந்த தன்காமம் என்னும் பொருள்படும் நீண்ட சொல்லின் நடுவிலிருந்து காமத்தைக் குறிக்கும் பகுதியைக் களைந்துவிட்டு, தலையையும் வாலையும் சேர்த்துத் தைத்ததால் பிறந்த குறுஞ்சொல் அது. அப்போது அது குழந்தைகளுக்கான பெயரன்று, ஒரு நோயின் பெயருங்கூட அன்று. மனச்சிதைவுற்ற பெரியவர்கள் வெளியுலகை விட்டுத் தம் உள்ளுலகுக்குள் ஒடுங்கிக்கொள்ளும் ஓர் அறிகுறியின் பெயர். பின்னால் தமிழில் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்று அரசு ஏட்டில் ஏறிய தொடரின் ஊற்று, குழந்தை மருத்துவத்தில் அல்ல, பிளாய்லரின் இந்தப் பழைய பொருளில்தான் இருக்கிறது.

அறிகுறியின் பெயர் குழந்தையின் பெயராக மாறியது முப்பது ஆண்டு கழித்து. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர், எட்டுச் சிறுவரும் மூன்று சிறுமியருமாகப் பதினொரு குழந்தைகளை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மறு ஆண்டு, 1944இல், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் நான்கு சிறுவர்களை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். நடுவே போர் நடந்துகொண்டிருந்தது. இருவரும் ஆஸ்திரிய–அங்கேரியப் பேரரசில் பிறந்தவர்கள். இருவரும் பிளாய்லரின் அதே சொல்லை எடுத்தாண்டார்கள். ஆஸ்பெர்கரின் மருத்துவமனையில் பணியாற்றிய கியோர்க் ஃபிராங்கல் பின்னர் கானரிடம் போய்ச் சேர்ந்தவர் என்பதால், இந்த இரட்டைப் பிறப்பு முற்றிலும் தனித்தனியானதா என்ற வழக்கு வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் தீரவில்லை. இவர்கள் இருவருக்கும் முன்பே, 1925இல், மாசுகோவில் குரூன்யா சுகரேவா என்னும் பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களை ஏறத்தாழ இதே வகையில் விவரித்திருந்தார். அவர் கையாண்ட பெயர் வேறு. ஆகவே அவர் பெயரும் நிலைக்கவில்லை.

கானரின் கட்டுரையில் இலக்கணக்காரர்கள் நின்று நிதானித்துப் படிக்கவேண்டிய ஓரிடம் உண்டு. பேசத் தெரிந்த அந்தப் பிள்ளைகள், தங்களைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘நீ’ என்றார்கள். காதில் விழுந்த மூவிடப்பெயரை விழுந்தபடியே திருப்பித் தந்தார்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நம் இலக்கணம் வகுத்த மூவிடத்தில், தன்மையும் முன்னிலையும் இடம் மாறிப்போயின. ‘தான்’ என்பதை வேராகக் கொண்ட பெயர், ‘தன்மை’யைச் சொல்லத் தடுமாறும் பிள்ளைகளுக்கு வந்து வாய்த்ததை எப்படிச் சொல்வது! தமிழ் பேசும் வீட்டில் இந்த இடமாற்றம் பெயரில் தெரியாது, விகுதியில் தெரியும். ‘பால் குடிக்கிறியா?’ என்று தாய் நாள்தோறும் கேட்கிறாள். பிள்ளை தனக்குப் பால் வேண்டும்போது அவளிடமே வந்து ‘பால் குடிக்கிறியா’ என்கிறது. எழுவாயைத் தோன்றா எழுவாயாக விட்டுவிட்டு வினைமுற்றின் வாலில் இடத்தைக் கட்டிவைக்கும் மொழி நம்முடையது என்பதால், ‘நான்’, ‘நீ’ என்னும் பெயர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் ஆங்கிலவழிச் சோதனையின் காதில் இது விழாமலே போகலாம். விகுதிக்குக் காதுகொடுக்கிற பாட்டிக்கு உடனே விழும்.

ஒன்றையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இடம் பெயர்வது பிள்ளைகளிடம் மட்டும் நிகழும் விந்தையன்று. படர்க்கைக்கு உரிய ‘தாம்’ என்பதைக் ‘கள்’ விகுதி கொடுத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, ‘தாங்கள் எப்போது வந்தீர்கள்?’ என்று முன்னிலையாக்கிய மொழி நம்முடையது. மரியாதைக்காக இடம் மாற்றிய நமக்கு, வேறு காரணத்தால் இடம் மாறிப் பேசும் பிள்ளை அவ்வளவு அயலாகத் தோன்றக் கூடாது.

ஆஸ்பெர்கரின் நான்கு சிறுவர்களோ வேறு வகையில் கண்ணில் பட்டார்கள். பெரியவர்களைப் போல வாக்கியம் அமைத்து, தமக்குப் பிடித்த ஒரே பொருளைப் பற்றி எதிரிலிருப்பவர் கேட்கிறாரா இல்லையா என்று பாராமல் பேசிக்கொண்டே போனார்கள். உடன்படிக்கும் பிள்ளைகளோடு ஒட்டவில்லை. பந்தைப் பிடிப்பதிலும் எழுதுகோலைப் பிடிப்பதிலும் கை ஒத்துழைக்கவில்லை. சின்னப் பேராசிரியர்கள் என்று அவர்களைச் சுட்டும் வழக்கம் அங்கிருந்து புறப்பட்டது. நம் பக்கத்துக்கு அவர்களைக் கொண்டுவந்தால், ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எத்தனை மணிக்கு நிற்கும், காட்பாடி வழியாக எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்பதையெல்லாம் தலைகீழாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்த மாமாவைப் பார்த்து ‘வாங்க’ என்று மட்டும் சொல்லாத பையனாக இருப்பார்கள்.

ஆஸ்பெர்கர் அவர்களுக்கு வைத்த பெயரில் ‘ஆட்டிஸ்டிஷ்’ என்னும் அடையோடு ‘சைக்கோபதி’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கால இடாய்ச்சு மருத்துவத்தில் அது ஆளுமையின் பிறழ்வு என்ற அளவில் நின்ற சொல். ஆங்கிலத்துக்குப் போனதும் ஈவிரக்கமற்ற குற்றவாளி என்ற பொருளேறிக் கறுத்துவிட்டது. இலண்டனில் உளமருத்துவராக இருந்த லோர்னா விங், தாமே ஓர் ஆட்டிசக் குழந்தையின் தாய். 1981இல் அவர் அந்தப் பழைய கட்டுரையை ஆங்கில உலகுக்கு எடுத்துச் சொன்னபோது, பெற்றோர் காதில் குற்றவாளி என்று ஒலிக்கும் அந்தச் சொல்லை விலக்கி, எந்தப் பழியும் ஏற்றாத நடுநிலைப் பெயர் என்று கருதி மருத்துவரின் குடும்பப்பெயரையே நோய்க்குச் சூட்டினார். ஆஸ்பெர்கர் அதற்கு முந்தைய ஆண்டு இறந்திருந்தார். தம் பெயர் பெயராவதைப் பார்க்கவில்லை.

நடுநிலை என்று தேர்ந்த பெயரே பின்னால் கனத்தது. 2018இல் வியன்னாவின் மருத்துவ வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக், ஆவணக் காப்பகங்களைத் துருவி, நாசி ஆட்சியில் ஏறத்தாழ 800 குழந்தைகள் மடிந்த ஸ்பீகல்குருண்டு நிலையத்துக்கு ஆஸ்பெர்கர் குழந்தைகளை அனுப்பியிருந்தார் என்பதை வெளியிட்டார். அதன்பின் அந்தப் பெயரைத் தம் அடையாளமாக உவந்து ஏற்றிருந்த பலர் அதை இறக்கி வைத்தார்கள், சிலர் வைத்துக்கொண்டார்கள். ஒலிப்பைப் பற்றி மட்டும் ஒரு சொல்: ஆங்கிலம் வழியே வந்ததால் நம்மில் பலர் ‘ஆஸ்பெர்ஜர்’ என்கிறோம், வியன்னாக்காரர்களுக்கு அங்கே ‘ஜ’ இல்லை. ரகர மெய்யை அடுத்த நம் ககரம் தானாகவே மெலிந்து ஒலிக்குமாகையால், ‘ஆஸ்பெர்கர்’ என்று எழுதிப் படித்தாலே மூலத்துக்கு மிக அருகில் போய்விடுகிறோம். கிரந்த ஜகரத்தைக் கடன்வாங்கித் தவறாக ஒலிப்பானேன்?

இனி, பெற்றோர் கேட்கிற கேள்வி. ஒரு மருத்துவர் ‘ஹை பங்ஷனிங் ஆட்டிசம்’ என்று சொன்னார், இன்னொருவர் ‘ஆஸ்பெர்கர்’ என்று எழுதினார். இரண்டும் ஒன்றா, வேறா? அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம் நான்காம் பதிப்பு 1994இல் ஆஸ்பெர்கரைத் தனிப்பெயராக ஏற்றுக்கொண்டபோது இட்ட வேலி மிக மெல்லியது. உலக நலவாழ்வு அமைப்பின் ஐசிடி பத்தாம் பதிப்பிலும் ஏறத்தாழ அதே வேலிதான். இரண்டு வயதுக்குள் தனிச்சொற்களும் மூன்று வயதுக்குள் பொருள்தரும் தொடர்களும் வந்திருக்க வேண்டும், அறிவுவளர்ச்சியில் தாமதம் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் நிறைவேறி, உறவாடுவதில் தடையும் ஒரே வகை ஈடுபாடும் இருந்தால் ஆஸ்பெர்கர். ‘தாத்தா’, ‘தண்ணி’ இரண்டு வயதிலும், ‘அம்மா, பால் குடு’ மூன்று வயதிலும் வந்துவிட்டதா என்பதுதான் கணக்கு. அறிவில் குறையில்லை, நுண்ணறிவு ஈவு 70க்கு மேல் இருக்கிறது, ஆனால் பேச்சு மட்டும் நான்கு வயதில் வந்தது என்றால், அந்தப் பிள்ளையை உயர்செயல்பாட்டு ஆட்டிசம் என்றார்கள். அப்படி ஒரு பெயர் டிஎஸ்எம் எந்தப் பதிப்பிலும் நோய்ப்பெயராக இருந்ததில்லை. ஆய்வாளர்களும் மருத்துவர்களும் வசதிக்காக வழங்கிய வாய்ச்சொல் அது.

ஆக, ஒன்று ஏட்டில் ஏறி இறங்கிய பெயர்; மற்றொன்று ஏட்டில் ஏறாமலே வழங்கிய பெயர். இரண்டுக்கும் நடுவே நின்ற வேறுபாடு, பேச்சு எப்போது வந்தது என்பதே. வந்துவிட்ட பிறகு? பதின்வயதில் இருவரையும் அருகருகே உட்காரவைத்தால் எவர் எவரென்று பிரித்துச் சொல்வது மிகக் கடினம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லின. 1997இல் மில்லரும் ஓசனாஃபும் ஒரு குறும்பான வேலை செய்தார்கள்: ஆஸ்பெர்கர் விவரித்த அதே நான்கு சிறுவர்களையும் டிஎஸ்எம் நான்காம் பதிப்பின் விதிகளோடு ஒப்பிட்டார்கள். ஆஸ்பெர்கரின் பிள்ளைகள் நால்வருக்கும் ஆஸ்பெர்கர் என்ற பெயர் கிடைக்கவில்லை. ஆட்டிசம் என்றே வந்தது! பெயருக்கு உரியவர்களையே வெளியில் நிறுத்திவிட்ட பெயர் எத்தனை நாள் நிற்கும்?

2012இல் கேத்தரின் லார்டு தலைமையில் 12 பல்கலைக்கழக மையங்களில் 2,102 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு அதன் அடித்தளத்தையே அசைத்தது. பிள்ளையின் நடத்தையைவிட, அவன் எந்த மையத்துக்குப் போனான் என்பதே அவனுக்குக் கிடைக்கும் பெயரைப் பெரிதும் முடிவுசெய்திருந்தது. ஆம்பூர்த் தோல் ஷாப்புகளில் தரம் பிரிப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது: ஒரே ஆட்டுத்தோல் ஒரு கம்பெனியின் மேசையில் முதல் தரமாகவும் அடுத்த தெருக் கம்பெனியில் இரண்டாம் தரமாகவும் முத்திரை வாங்கும், தோல் மாறவில்லை, தடவிப் பார்த்த கை மாறியது.

2013 மே மாதம் வெளிவந்த டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பு தனிப்பெயர்களை ஒழித்து ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்’ என்று ஒரே பெயராக்கியது. எவ்வளவு துணை தேவை என்பதைக் கொண்டு மூன்று நிலைகளைச் சொன்னது. ஒலி, ஒளி, தொடுகை, வாடை ஆகியவற்றில் மிகையான கூச்சத்தையும் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. தோல் ஊறும் வாடை காற்றில் கலந்த தெருக்களில் வளரும் பிள்ளை ஏன் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுகிறான் என்று கேட்கும் தாய்க்கு இந்தச் சேர்க்கை பெரிய விடை. முன்பே ஆஸ்பெர்கர் என்று முறையாகப் பெயர் பெற்றவர்களை ஆட்டிசத்துக்குள் கொள்ள வேண்டும் என்ற குறிப்பும் அதில் உண்டு. ஆகவே பழைய ஏட்டை வைத்திருப்பவர் பெயர் போய்விட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை. 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி பதினொன்றாம் பதிப்பும் இதே வழியில் நடந்தது.

‘உயர்செயல்பாடு’ என்ற தொடரை நம் காதால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ‘உயர்’ என்று வினைத்தொகை தொடங்கியதும் ‘திணை’ என்று முடிக்கவே நம் நாக்கு விரையும். இங்கே தொல்காப்பியத்தை வியக்காமல் நகர முடியவில்லை: உயர்திணை என்று ஒன்றைச் சொன்ன மரபு, மற்றதைத் தாழ்திணை என்று சொல்லவில்லை, அல்லாத திணை, அஃறிணை என்று ஒதுங்கிக்கொண்டது. ஆங்கில மருத்துவ வழக்கோ உயர்வென்று ஒன்றைச் சொன்ன கையோடு தாழ்வென்றும் சொல்லிப் பேசாத பிள்ளைகளை அதில் இட்டது. உயர்வென்ற பெயர் பெற்ற பிள்ளைக்குப் பள்ளியில் துணை மறுக்கப்பட்டது, தாழ்வென்ற பெயர் பெற்ற பிள்ளைக்கு அவனுக்குள்ள திறன் மறுக்கப்பட்டது. பெயரே இரு பக்கமும் வெட்டியது.

சரி, தமிழில் என்னென்ன பெயர்கள்? நாளேடுகளில் மிகுதியும் ‘மன இறுக்கம்’. இறுகு, இறுக்கு, இறுக்கம் என்று வளர்ந்த நல்ல தமிழ்ச்சொல்லில் குறையில்லை. குறை, அது ஏற்கெனவே வேலையில் அமர்ந்திருப்பதில். தேர்வு நெருங்கும் மாணவனுக்கும் கடன் வாங்கிய குடும்பத்தலைவனுக்கும் இருப்பது மன இறுக்கம் என்றே ஏடுகள் எழுதுகின்றன. மூச்சுப்பயிற்சி செய்தால் நீங்கும் என்று அதே பக்கத்தில் விளம்பரமும் வருகிறது. பிறவியிலேயே மூளையின் வளர்ச்சி வேறுபட்டு அமைந்த ஒரு பிள்ளைக்கு இந்தப் பெயரைக் கொடுத்தால், வீட்டில் என்ன நடந்தது, யார் திட்டினார்கள், ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் தாய் பிள்ளையைக் கவனிக்கவில்லையா என்று ஊர் கேட்கத் தொடங்கும். தாயின் குளிர்ந்த மனமே காரணம் என்று மேலைநாட்டில் ஒரு காலத்தில் சொல்லிப் பிறகு பொய்யென்று கைவிட்ட பழியை, நாம் ஒரு மொழிபெயர்ப்பின் வழியே மீண்டும் உள்ளே அழைத்துக்கொண்டோம்.

அரசுத் துறை ஏடுகளில் வழங்குவது ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’. மூச்சுவிட்டுச் சொல்ல வேண்டிய நீளம். மதியிறுக்கம் என்பது மன இறுக்கத்தின் குழப்பத்தைத் தவிர்க்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிவு இறுகிவிட்டது என்கிறது. ரயில் அட்டவணை முழுதும் மதியில் வைத்திருக்கும் பையனுக்கு மதியில் என்ன இறுக்கம்? காட்பாடிச் சந்திப்பை விடப் புறமான உலகம் எது? ‘அற்ற’ என்னும் இன்மைப்பொருள் பெயரெச்சம், இல்லாததை இல்லை என்பதோடு இருப்பதையும் இல்லை என்றுவிடுகிறது. இல்லாமையைக் கொண்டு பெயரிடும் பழக்கம் நமக்குப் புதிதுமன்று. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பிறவிக் குறைகளை எட்டு ‘எச்சம்’ என்று எண்ணுகிறார். எச்சம் என்ற சொல் இலக்கணத்துக்குள் வந்ததும், முடிக்கும் சொல்லுக்குக் காத்திருப்பது என்று எவ்வளவு கனிந்துவிட்டது! மாற்றுத்திறனாளி என்ற ஆக்கம் ஊனமுற்றோர் என்பதை அகற்றியதில் இந்தக் கனிவு இருந்தது. ஆட்டிசத்துக்கு மட்டும் அது இன்னும் வாய்க்கவில்லை.

‘தன்’னை முன்னொட்டாக வைத்துச் செய்த ஆக்கங்களும் உண்டு. தன்முனைப்பு என்றால் செருக்கு; தன்னலத்தின் நிழல் தன்னை ஒட்டிய எல்லாச் சொல்லிலும் விழுகிறது. கிரேக்கத்தில் வெறும் சுட்டாக நின்ற ‘தான்’, தமிழ் அறநூல்களைக் கடந்து வரும்போது அகந்தையின் கறையை ஏந்திவிடுகிறது. ‘தன்னியம்’ என்று நானே ஒன்றைச் செய்து பார்த்தேன். ஒலி நன்றாகத்தான் இருக்கிறது. மேசையில் பிறந்த சொற்களுக்குரிய மலட்டுத்தன்மை அதற்கும் உண்டு.

எழுதுமேசையை விட்டிறங்கி வடார்க்காட்டுத் திண்ணைக்கு வந்தால் வேறொரு தொடர் காத்திருக்கிறது. ‘யார் கூடவும் சேரமாட்டான், அவன் பாட்டுக்கு வெளயாடிக்கினு கீறான்.’ இந்தப் ‘பாட்டுக்கு’ இசைப்பாட்டன்று. பாடு என்னும் சொல் நான்காம் வேற்றுமை ஏற்று, வீடு வீட்டுக்கு ஆனாற்போல, பாட்டுக்கு ஆயிற்று. கெடு கேடானது போலப் படு நீண்டு பாடானது: ஒருவர் படுவது, அவருக்கு நேர்வது, அவர் நிலை. ‘அவனவன் பாடு அவனவனுக்கு’ என்னும்போது அதில் துன்பமும் உண்டு, உழைப்பும் உண்டு, உரிமையும் உண்டு. பிளாய்லர் சூரிச்சில் அமர்ந்து ‘தான்’ என்னும் வேரிலிருந்து ஒரு சொல்லைத் தைத்தார். நம் பாட்டிமார் யாரிடமும் கேளாமல் அதே பொருளுடைய நம் வேரிலிருந்து ‘தன் பாட்டுக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் இறுக்கம் இல்லை, அற்ற இல்லை, நோய் இல்லை.

பாருங்கள், இந்த ஒரு பாடு எத்தனை வேலை செய்கிறது! குறைபடு குறைபாடாயிற்று, செயல்படு செயல்பாடாயிற்று, வேறுபடு வேறுபாடாயிற்று. மருத்துவ ஏடு குறைபாடு என்கிறது; பழைய வழக்கு உயர்செயல்பாடு என்றது; இன்றைய ஆட்டிசக்காரர்கள் பலர் வேறுபாடு என்று சொல்லுங்கள் போதும் என்கிறார்கள். மூன்று கட்சியும் நம் மொழியில் ஒரே முதனிலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. தன்பாடு என்பதை நான்காவதாக வைக்க எனக்கு ஆசை. ஆனால் அது அன்றாடப் பேச்சில் இயல்பான எவருக்கும் பொருந்தும் தொடர் என்பதால், சான்றிதழில் எழுதத் தாங்காது. வீட்டுக்குள் பேசவே தகும்.

சான்றிதழ் என்றதும் சட்டத்தையும் தொட்டுவிட வேண்டும். 1995ஆம் ஆண்டு இந்திய மாற்றுத்திறனாளர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைத் தன் பெயரிலேயே ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணும் 21 வகைகளில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் ஒன்று. நுண்ணறிவு குறையாத பிள்ளைக்கும் சான்றிதழ் உண்டா என்று கேட்போருக்கு: இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் 40 கூறுகளைக் கொண்டது, உறவாடல், பேச்சு, நடத்தை, புலனுணர்வு என எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு, மொத்தம் 70ஐ எட்டினால் ஆட்டிசம், அதில் 106 வரை இலேசானது. ஆஸ்பெர்கர் என்றோ உயர்செயல்பாடு என்றோ தனிப்பத்தி அதில் இல்லை.

வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. வளர்ச்சியில் வேறுபட்ட பிள்ளைகளுக்கான அதன் பிரிவுக்கு நம்பிக்கை நிலையம் என்று பெயர். பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் இடமன்று, பெற்றோரும் உடன் தங்கிப் பயிற்சி பெறும் இடம். அமெரிக்காவில் ஆக்கிய 15 கூறுகள் கொண்ட குழந்தை ஆட்டிச அளவுகோலை இந்தியப் பிள்ளைகளுக்கு எந்த எண்ணிலிருந்து கொள்வது என்று சோதித்து, 30 என்னும் மூலவரம்புக்குப் பதிலாக 33 பொருந்தும் என்று 2010இல் வெளியிட்டவர்களும் இந்த வேலூர்க் குழுவினரே. எண்ணை இங்கே சோதித்தது போலப் பெயரையும் இங்கே சோதித்திருக்கலாம் என்பது என் ஆற்றாமை. நிலையத்துக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்: நோயையும் சொல்லவில்லை, குறையையும் சொல்லவில்லை, சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயர் வசையாகிப்போன கேடு இதற்கு நேர வழியே இல்லை.

இந்தப் பகுதிக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வீடுகளில் உருது, குடியாத்தத்துப் பக்கம் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். பேச்சு பிந்தினால், ‘மூணு பாஷை காதுல வுழுது, அதான் கொழப்பம்’ என்று இரண்டு ஆண்டு காத்திருப்பார்கள். பன்மொழிச் சூழல் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. ஆட்டிசப் பிள்ளையின் மொழிவளர்ச்சியை அது பின்னுக்கு இழுப்பதாகவும் ஆய்வுகள் காணவில்லை. பெயர் சொன்னால் திரும்பாமை, வேண்டியதை விரலால் சுட்டாமை ஆகியவை எந்த மொழியையும் சார்ந்தவை அல்ல. பேச்சு எப்போது வந்தது என்ற ஒரு கோட்டில்தான் இரண்டு பெயர்களும் பிரிந்தன என்று மேலே கண்டோம். அந்தக் கோட்டை உருதுச் சொல்லையும் சேர்த்து எண்ணாமல் தமிழ்ச்சொல்லை மட்டும் எண்ணிப் போட்டால், ஒரே பிள்ளை வேலியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிமாறி நின்றிருப்பான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தனித்தமிழில் பற்றுள்ளவன் என்றாலும், இந்தப் பெயருக்கு இப்போதைக்கு ஆட்டிசம் என்ற கடன்சொல்லே தக்கது என்பேன். அது தமிழ்க்காதில் எந்தப் பழியையும் ஏற்றிக்கொண்டு வரவில்லை. யெஸ். பாலபாரதி தம் நூலுக்கு ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்றே பெயர் வைத்தார், பெற்றோர் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. நாளேட்டுத் துணையாசிரியர்கள் ‘மன இறுக்கம்’ என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு வழங்குவதை நிறுத்தவேண்டும். உயர், தாழ் இரண்டையும் கைவிட்டு, எவ்வளவு துணை வேண்டும் என்பதைச் சொன்னால் ஆசிரியருக்கும் அலுவலருக்கும் அது பயன்படும். பேரணாம்பட்டிலோ மேல்விசாரத்திலோ குடியாத்தத்திலோ இருக்கும் வாசகர்கள், உங்கள் வீட்டு முதியவர்கள் இத்தகைய பிள்ளையை அன்போடு சுட்டிய சொல் ஏதேனும் உருதிலோ தெலுங்கிலோ தமிழிலோ நினைவிலிருந்தால், அவர்கள் ஒலித்தபடியே எழுதி அனுப்புங்கள். திருத்தி எழுத வேண்டாம்.